சுபேதார் தேடிய சுருட்டை முடி

போன மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் விளையாட்டு ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். நான் ஓய்வு பெற்றபோது விட்டுவிட்டு வந்த விசிலும் நாற்காலியும் இப்போது அவரிடம்தான் இருக்கின்றன. நல்ல பிள்ளை. வாசலில் செருப்பைக் கழற்றியதும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதிலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. காபி குடித்துக்கொண்டே சொன்னார்:

"சார், இனிமேட்டு நாட்டு டீமுக்கு ஆள் எடுக்கிறது எல்லாம் வீடியோ கேசட்டு போட்டுப் பாத்துதானாம். நிறுத்தி நிறுத்திப் பாப்பாங்களாம். உங்க காலத்துல எப்படி சார் எடுத்தீங்க?"

"கண்ணால பாத்துதான்."

"வெறும் கண்ணால பாத்தா ஆள் மாறிடாதா சார்?"

"ஒருத்தன் மாறினா பரவால்லியே தம்பி. எங்களுக்கு ஒரே ராத்திரியில அத்தினி பேரும் மாறிட்டாங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் அந்த இரண்டு நாளை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. முருகப்பெருமான் சூரசம்ஹாரம் முடித்து, கோபம் தணிந்து வந்து நின்ற திருத்தணி மலை இது. அதன் அடிவாரத்திலேயே பிறந்து, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே பென்ஷன் வாங்குகிறவன் நான். சாமிக்கே தணிந்த இடத்தில் எனக்குத் தணியவில்லை. பாதிக் கதை சொல்வதற்குள் அவருக்குப் பஸ் வந்துவிட்டது. மீதியை எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

என் படிப்பு பெரிதல்ல. பள்ளி இறுதி வகுப்பு, அதையும் இரண்டாம் முறை எழுதித்தான் தேறினேன். பிறகு மெட்ராஸில் உடற்பயிற்சி ஆசிரியருக்கான பயிற்சி. விசில் ஊத, சுண்ணாம்புக் கோடு போட, வெயிலில் தலை சுற்றாமல் நிற்க அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவுதான். முருகன் அருளால் சொந்த ஊரிலேயே வேலை. பொதட்டூர்பேட்டை, திருவாலங்காடு, மணவூர்ப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் மைதானத்தில் வந்து கால்பந்து ஆடுவார்கள். அதனால் எப்படியோ கால்பந்துச் சங்கத்தில் என் பேரும் சேர்ந்தது. ஆள் எடுக்கும் குழுவில் நான் ஒரு உள்ளூர் அங்கத்தினன். அதாவது கோடு போடுகிறவன், தண்ணீர்ப் பானை வைக்கிறவன், பிள்ளைகளுக்குச் சாப்பாடும் படுக்க இடமும் பார்க்கிறவன்.

குழுவின் தலைவர் கோதண்டபாணி என்று ஒருவர். வேலூர்ப் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். சுபேதார் ஐயா என்றுதான் எல்லாரும் சொல்வோம். அவருக்கு ஒரு மீசை இருந்தது. இரண்டு பக்கமும் மேலே முறுக்கி, நுனியில் மெழுகு தடவி, சைக்கிள் கைப்பிடி மாதிரி நிற்கும். பையன்கள் அவருக்குப் பயந்தார்கள் என்பதைவிட அந்த மீசைக்குப் பயந்தார்கள் என்பதுதான் சரி.

நேர்மையான மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் நேர்மையானவர்களோடு வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் ஆள் எடுக்கும் விதம் இது. முதல் சுற்றில் பந்தே கிடையாது. ஓட்டம், திரும்பல், நிற்றல், அவ்வளவுதான். இரண்டாம் சுற்றில் ஒருவனுக்கு எதிராக இரண்டு பேர். மூன்றாவதாகத்தான் முழு ஆட்டம். அப்போது அவர் மைதானத்தின் நடுக் கோட்டருகே உட்கார மாட்டார். ஒரு மூலையில் மடக்கு நாற்காலியைப் போட்டு, கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு, பந்து ஒரு பக்கம் போனால் இவர் இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். "பந்து காலாண்ட இருக்கும்போது எல்லாப் பயலும் ராஜாதான் மாஸ்டர். பந்து அங்க இருக்கும்போது இவன் இங்க இன்னா பண்றான்? அதான் எனக்கு வேணும்" என்பார். பையன்களோடு ஒரு வார்த்தை பேச மாட்டார். விசில்தான் பேசும்.

இதெல்லாம் சரி. இதற்கு மேல் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. யாருடைய பேரையும் கேட்க மாட்டார்.

"பேர் கேட்டா ஊரு தெரியும். ஊரு தெரிஞ்சா ஜாதி தெரியும். ஜாதி தெரிஞ்சா அவன் மாமன் எந்த ஆபீஸ்ல குந்திகினு இருக்கான்னு தெரியும். அப்பால நான் எங்க ஆட்டத்தைப் பாக்கிறது?"

"பேர் வேணாம் சார். முதுகுல நம்பராவது போட்டுடலாமே?"

"நம்பரா? அதைச் சீட்டுல எழுதி என் பாக்கெட்டுலயே திணிப்பானுங்க. வேணாம். எனக்குக் கண்ணு இருக்குது."

ஆகவே நீலத் துணிப் பட்டை ஒரு பக்கத்துக்கு, வெள்ளைப் பட்டை இன்னொரு பக்கத்துக்கு. அவ்வளவுதான் அடையாளம். பிடித்த ஆட்டக்காரனை ஒரு அட்டையில் பென்சிலால் குறித்துக்கொள்வார். எப்படிக் குறிப்பார்? 'நெத்தியில முடி விழுறவன்'. 'பெரிய கிருதா'. 'எண்ணெய் வழியிற படிஞ்ச தலை'. அந்தக் காலத்துப் பிள்ளைகள் சினிமாவைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு விதமாகத் தலை வளர்த்து வைத்திருப்பார்கள். அதனால் அந்த முறை எல்லா ஊரிலும் நன்றாகத்தான் நடந்தது.

சிபாரிசு என்றால் அவருக்கு விஷம். முன்பு ஒரு ஊரில் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரு பையன் நன்றாகவே ஆடினான், அட்டையிலும் ஏறிவிட்டான். அவனுடைய வாத்தியார் பக்கத்தில் வந்து, "ஏழைப் புள்ள சார், தகப்பன் இல்லாதவன், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொன்னார். அவ்வளவுதான். சுபேதார் ஐயா அட்டையை எடுத்தார், அந்த வரியை அடித்தார். "ஏழைன்னு நான் உன்னைக் கேட்டனா?" என்றார். பையன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த வாத்தியார் முகத்தை நான் மறக்கவே இல்லை. அன்றிலிருந்து, நம் பிள்ளைகளைப் பற்றி இவரிடம் வாயே திறக்கக் கூடாது என்று எனக்கு நானே பூட்டுப் போட்டுக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எழுபதுகளில் ஒரு வருஷம். அடுத்து வரும் ஆசிய இளைஞர் போட்டிகளுக்காக, இரண்டு மூன்று வருஷம் சேர்ந்து ஆடப்போகிற இந்திய அணியைப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சில பிள்ளைகளைப் பொறுக்கி வடக்கே முகாமுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பகுதியிலிருந்து நாலே பேர். மெட்ராஸ் மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்ததால், திருத்தணியில் நடத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. தேதியைப் பார்த்தேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆடிப் பரணியும் ஆடிக் கிருத்திகையும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த நாட்களில் எங்கள் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் ஆந்திரா, இரண்டும் சேர்ந்து புஷ்பக் காவடியோடு வந்து இறங்கும். வண்டி, லாரி, அடுப்பு, பாத்திரம், குழந்தை குட்டி எல்லாம் எங்கள் பள்ளி மைதானத்தில்தான். உடனே சுபேதார் ஐயாவுக்கு எழுதினேன், தேதியை மாற்றுங்கள் என்று. கார்டில் பதில் வந்தது: "மழை இல்லையே? தரை காய்ந்திருக்கிறதா? போதும்."

மூன்றாவது அங்கத்தினர் ஒருவர் உண்டு. அவர் பேரனுக்குக் காது குத்து என்று சொல்லிவிட்டார். அவரும் இல்லை.

பரணி அன்று விடிந்ததும் மைதானத்துக்குப் போனேன். பெனால்டி கோடு போட வேண்டிய இடத்தில் மூன்று கல் வைத்துப் பொங்கல் கொதிக்கிறது. வடக்குக் கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் புடவையால் ஏணை கட்டி, அதில் ஒரு குழந்தை தூங்குகிறது. அதன் தாயிடம் கெஞ்சினேன்.

"அம்மா, இங்க இந்தியாவுக்கு ஆள் எடுக்கப் போறாங்கம்மா."

"எடுக்கட்டும் நைனா, யாரு வேணான்னது? கொழந்த இப்பதான் கண்ண மூடுச்சு."

குழந்தை விழிக்கும் வரை இந்தியா காத்திருந்தது. சுபேதார் ஐயா மீசையைத் தடவிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். பிறகு எங்கள் பள்ளிக் காவல்காரர் எத்திராஜ் கையில் ஒரு கழியைக் கொடுத்து, நாலு பக்கமும் கயிறு கட்டி, "ஆட்டக்காரன், நானு, மாஸ்டர். வேற யாரு வந்தாலும் உள்ள விடாத. மந்திரியே வந்தாலும் பேர் கேட்டுத் திருப்பி அனுப்பு" என்று உத்தரவு போட்டார். எத்திராஜுக்கு ஒரு உத்தரவு கிடைத்தால் போதும். அதைக் கழியோடு சேர்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

ஆட்டம் நடந்தது. நான் மேலே சொன்ன பூட்டு அன்றைக்குத்தான் எனக்குத் தொண்டையில் அடைத்தது. காரணம் முனிரத்தினம்.

முனிரத்தினம் பொதட்டூர்பேட்டைப் பையன். தகப்பன் தறியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து இருமிப் போனவர். வீட்டில் குழித்தறி ஒன்று. அம்மா மங்கம்மாவும் இவனும் மாறி மாறி உட்கார்ந்து நெய்வார்கள். சாயங்காலம் ஆனால் பஸ் ஏறி மைதானத்துக்கு வந்துவிடுவான். கழுத்து வரை சுருட்டை சுருட்டையாக முடி. இடது பக்கம் ஆடுவான். தறி மிதித்த காலோ என்னவோ, பந்தை உதைக்க மாட்டான், மிதித்து நிறுத்துவான். எதிராளி இவன் வேகத்தை நம்பி ஓடிப்போய்க் கோட்டுக்கு வெளியே நிற்பான். இவன் நின்ற இடத்திலிருந்து பந்தை யாருக்கோ அனுப்பிவிட்டு, அனுப்பிய பந்தைப் பார்க்காமல் அடுத்து அது வரப்போகிற இடத்துக்கு நடந்து போவான். ஓட மாட்டான், நடப்பான். பந்து அங்கே வரும்.

அப்படி ஒரு தடவை நடந்தபோது சுபேதார் ஐயா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"மாஸ்டர், அந்தச் சுருட்டை முடி. பந்து இல்லாதப்போ இன்னா பண்றான் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"நாளைக்கு முழு ஆட்டத்துல இன்னொரு தபா பாத்துட்டு முடிச்சிடுவோம்." அட்டையில் 'இடது, சுருட்டை' என்று எழுதி அடியில் ஒரு கோடும் இழுத்தார். பேர் முனிரத்தினம் சார், எங்க பையன் சார் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. விழுங்கினேன்.

சாயங்காலம் அவர் சத்திரத்துக்குப் போய்விட்டார். மனைவியையும் அழைத்து வந்திருந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி வகுப்பறைகளில் இடம் கொடுத்திருந்தேன். முனிரத்தினம் வந்து நின்றான்.

"சார், அம்மா காவடி எடுத்துகினு வந்திருக்காங்க. மலைக்குப் போய்ட்டு வந்துடட்டுமா? ஒரு வேண்டுதல்."

சாமிக்குப் போகிறேன் என்கிறவனை நான் எப்படித் தடுப்பேன்? "சீக்கிரம் வந்து படு, காலையில ஆட்டம்" என்றேன். பின்னாலேயே இன்னும் நாலு பேர் கேட்டார்கள். அப்புறம் பத்து பேர். அப்புறம் யாரும் கேட்கவே இல்லை, போய்விட்டார்கள். பக்தியுள்ள பிள்ளைகள் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் விடியும் வரைதான் இருந்தது.

கிருத்திகை அன்று காலை விசில் ஊதி வரிசையில் நிற்கச் சொன்னேன். நின்றார்கள். இளநீர்க் காயை அடுக்கி வைத்த மாதிரி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மொட்டை. எல்லாவற்றிலும் சந்தனம்.

"டேய், இன்னாடா இது? எல்லாருமா?"

ஒரு பையன் சொன்னான்: "முனிரத்தினம் மொதல்ல போட்டான் சார். செலக்ட் ஆவணும்னு வேண்டிகினு."

"அவன் போட்டான். நீங்க ஏண்டா போட்டீங்க?"

"அவன் மட்டும் முடி குடுத்தா முருகன் அவன் பக்கம் சாஞ்சிடுவாரு இல்ல சார்?"

வேறு ஊராக இருந்தால் பேதி மாத்திரை கலக்குவான், பூட்ஸை ஒளித்து வைப்பான். எங்கள் பிள்ளைகள் போட்டியைச் சாமி சந்நிதிக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

சுபேதார் ஐயா குடையும் நாற்காலியுமாக வந்தார். வரிசையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். கையில் இருந்த அட்டையைப் பார்த்தார். நெற்றியில் முடி விழுகிறவன், பெரிய கிருதா, படிந்த தலை, சுருட்டை. அட்டையில் எல்லாரும் இருந்தார்கள். எதிரில் ஒருவரும் இல்லை.

"மாஸ்டர்! இன்னாய்யா இது?"

"ஆடிக் கிருத்திகை சார். அப்பவே கார்டு போட்டேன்."

"இதை நீ எழுதலியே!"

எழுதவில்லைதான். திருத்தணியில் மொட்டை போடுவார்கள் என்று ஒருவருக்குக் கார்டு போட்டுச் சொல்ல வேண்டும் என எனக்குத் தோன்றவில்லை.

மற்றவர்களை ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்றார். கோல் காப்பவன் உயரம், கறுப்பாகத் தடித்த தடுப்பாட்டக்காரன் எல்லாம் கொஞ்சம் புரிந்தது. சுருட்டைதான் அவருக்கு வேண்டும். வழக்கத்தை மீறி வாய் திறந்தார்: "நேத்து இடது பக்கம் ஆடின சுருட்டை முடிக்காரன் எவன்? ஒரு அடி முன்னால வா!"

அந்தக் குரலைக் கேட்டு ஆறு பேர் முன்னால் வந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு நேற்று முடி கம்பி மாதிரி நேராக இருந்தது, எனக்கு நன்றாகத் தெரியும். முனிரத்தினம் வரவில்லை. வரிசையின் கோடியில் இன்னும் பின்னால் நகர்ந்துகொண்டான். பள்ளிக்கூடத்தில் ஒருவனைத் தலையை வைத்துக் கூப்பிட்டால் அது பிரம்படிக்குத்தான் என்று அவனுக்குப் பழக்கம். அதோடு அவன் நொண்டினான். முந்தின சாயங்காலம் படியேறும்போது, சிதறு தேங்காய் உடைத்த ஓடு ஒன்று இடது உள்ளங்காலில் ஏறிவிட்டது. துணி சுற்றியிருந்தான்.

ஆட்டம் ஆரம்பித்தது. அவனுக்கு மிதித்து நிறுத்துகிற காலே இடது கால்தான். பந்து வந்தால் கால் வைக்கப் பயந்தான். நடந்து போகிற இடத்துக்கு மட்டும் சரியாகவே போனான். ஆனால் வந்த பந்து அவனைத் தாண்டிப் போயிற்று. சுபேதார் ஐயா ஆறு பேரையும் மாற்றி மாற்றி இடது பக்கம் விட்டுப் பார்த்தார். ஒருவனும் அவன் இல்லை.

"நேத்து பாத்த பையன் இன்னிக்கி வரவே இல்லியா?"

"எல்லாரும் வந்திருக்காங்க சார்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் ஒரு எழுத்துச் சொன்னாலும் சிபாரிசு. அட்டையில் அந்த வரியை அடித்துவிடுவார். சொல்லாவிட்டால் கண்டுபிடிக்க மாட்டார். அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்க மாட்டார். இப்படியும் ஒரு மனிதர் உண்டா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உச்சி வேளையில் மங்கம்மா வந்துவிட்டாள். கையில் விபூதிப் பொட்டலமும் புளிசாதமும். கயிற்றுக்கு வெளியே எத்திராஜ் கழியைக் குறுக்கே பிடித்தார். நான் ஓடினேன்.

"சார், அந்த மீசைக்கார ஐயா கிட்ட ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போறேன். எம்புள்ள காலு அடிபட்டிருக்குது, நேத்து அவ்ளோ நல்லா ஆடுனான்னு."

"ஐயோ, வேணாம்மா. சொன்னா உள்ளதும் பூடும்."

"இன்னா சார் அநியாயம்? அவருக்குக் காது இல்லியா?"

"இருக்குதும்மா. மூடி வச்சிகினு இருக்காரு."

"அப்போ நான் முருகன் கிட்டயே சொல்லிக்கிறேன். அவரு காது தொறந்துதான் இருக்குது" என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, புளிசாதத்தை எனக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டு, கயிற்றுக்கு வெளியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஆட்டம் முடிந்ததும் சுபேதார் ஐயா அட்டையை மடக்கிப் பையில் வைத்தார். "மூணு பேரு கிடைச்சாச்சு. நாலாவது அந்தச் சுருட்டை. அவன் கிடைக்கலன்னா அந்த இடத்தைக் காலியாவே அனுப்புறேன். வேற எவனையும் போட்டு ரொப்ப மாட்டேன்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "சாயங்காலம் வந்து முடிவு சொல்றேன். சம்சாரம் காத்துகினு இருக்கா. பேத்திக்கு உடம்பு சரியில்லாதப்போ ஒரு வேண்டுதல் வச்சிட்டா. கிருத்திகையன்னிக்கே செய்யணுமாம்" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தேதியை மாற்றுங்கள் என்று எழுதியதற்கு ஏன் அந்த ஒரு வரிக் கார்டு வந்தது என்று. வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு, "நல்லபடியா தரிசனம் பண்ணிட்டு வாங்க சார்" என்றேன்.

சாயங்காலம் பிள்ளைகள் எல்லாரும் மைதானத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கயிற்றருகே ஏதோ சத்தம் கேட்டது. ஒரு மொட்டைத் தலைப் பெரியவர், வேட்டி சட்டை, தலையில் சந்தனம், கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைகிறார். எத்திராஜ் கழியை நீட்டிவிட்டார்.

"யோவ் பெரியவரே, எங்க உள்ள? அந்தாண்ட போ."

"நான்தான்யா."

"காலையிலேருந்து நூறு மொட்டை நான்தான் நான்தான்னு வந்துகினு இருக்குது. பேரச் சொல்லு."

"சுபேதார்யா!"

"யாரு, நீயா? அவரு மீசை இந்தாண்டைக்கும் அந்தாண்டைக்கும் இருக்கும். எனக்கே காது குத்துறியா?"

வேண்டுதல் என்றால் மீசையும் சேர்த்துத்தான். அவர் கை தன்னாலே மேல் உதட்டுக்குப் போயிற்று. தடவிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருவனும் எழுந்து நிற்கவில்லை. யாரோ யாத்திரைக்காரர் சண்டை போடுகிறார் என்று வேடிக்கை பார்த்தார்கள்.

"கோதண்டபாணி" என்றார் மெதுவாக. அவர் வாயிலிருந்து ஒரு பேர் வந்து நான் கேட்டது அப்போதுதான்.

"பேரை யாரும் சொல்லலாம். நீதான் அவருன்னு யாரு சொல்றது?"

"அதோ மாஸ்டர் நிக்கிறாரு பாரு. அவரைக் கேளுய்யா!"

எத்திராஜ் என் பக்கம் திரும்பிக் கத்தினார்: "சார்! இந்த ஆள உங்களுக்குத் தெரியுமா?"

உடனே பதில் சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். முருகன் மன்னிப்பார். பிறகு, "அவரேதான் எத்திராஜ், விடு" என்றேன்.

எத்திராஜ் கழியைக் கீழே போட்டுவிட்டு விறைப்பாகச் சலாம் வைத்தார். சுபேதார் ஐயா அவரைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். மீசை இல்லாத முகத்தில் வாய் சின்னதாக, குழந்தை வாய் மாதிரி இருந்தது. பிள்ளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர். அந்தச் சுருட்டை முடி யாருன்னு உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும் சார்."

"நேத்தேவா?"

"நாலு வருஷமா தெரியும் சார்."

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா அந்த வரியை அடிச்சிடுவீங்களே சார். உங்க சட்டம் ஆச்சே."

அவர் அட்டையை வெளியே எடுத்தார். மலைமேல் அரோகரா சத்தம் எழுந்து அடங்கிற்று. "கேக்காம சொன்னா சிபாரிசு. கேட்டுச் சொன்னா சாட்சி. நான் கேக்கிறேன். அவன் பேரு இன்னா?"

"முனிரத்தினம்" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பேரைச் சொல்வதற்கு இவ்வளவு பாடா!

நான் கை காட்ட, அவர் அவனருகே போய்க் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார். துணியை அவிழ்த்து, பட்டாளத்துக்காரர் பார்க்கிற மாதிரி அழுத்திப் பார்த்தார். "காலுல இதை வச்சிகினு இன்னிக்கி எங்க எங்க போய் நின்னியோ, அங்கெல்லாம் பந்து வந்திச்சி. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று அவனிடமே சொன்னார். அட்டையில் 'சுருட்டை'க்குப் பக்கத்தில் அவன் பேரை எழுதினார். கயிற்றுக்கு வெளியே மங்கம்மா மலைப்பக்கம் விழுந்து கும்பிட்டாள்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

முகாமுக்கு அழைப்புக் கடிதம் வர மாதக் கணக்கில் ஆயிற்று. முனிரத்தினத்தின் கால் ஆறி, முடியும் நன்றாகச் சுருண்டு வளர்ந்துவிட்டது. கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். அந்தக் காலத்தில் ஒருவன் பேரில் இன்னொருவன் முகாமுக்குப் போகிற மோசடி நிறைய உண்டு. அதனால் அங்க அடையாளம் பொருந்தாதவர்களைச் சேர்க்க மாட்டோம் என்று இங்கிலீஷில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அடையாளம் என்ற இடத்தில் சுபேதார் ஐயா எழுதிக் கொடுத்திருந்தது: 'தலை மொட்டை.'

பேர் எழுதியாகிவிட்டது. அப்புறமும் தலையைப் பார்க்கிற புத்தி அவரை விடவில்லை! அவசரமாக அவருக்கு எழுதினேன். கார்டில் பதில் வந்தது: "அப்போ மழித்து அனுப்பவும்."

"இன்னொரு தபாவா சார்?" என்றான் முனிரத்தினம், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு. மங்கம்மாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "கேட்டதைக் குடுத்தாரு இல்ல? கூட ஒரு தபா வாங்கிக்கிறாரு. வா நைனா" என்று மலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ரயில் ஏற்ற நானும் போனேன். திருப்பதி பக்கமிருந்து மெட்ராஸுக்கு வருகிற வண்டி. டிக்கெட் வாங்கும்போது சலுகைக்காகக் காட்ட வேண்டும் என்று கடிதத்தை நான் வாங்கி வைத்திருந்தேன். வண்டி வந்தது, கூட்டம் முண்டியது, பையன் பெட்டியோடு உள்ளே போய்விட்டான். வண்டி நகர ஆரம்பித்ததும்தான் சட்டைப்பையில் கை வைத்தேன். கடிதம் என்னிடம்.

அது இல்லாவிட்டால் அங்கே வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஓடினேன். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். வண்டி முழுக்கத் திருப்பதி போய்த் திரும்புகிறவர்கள். எல்லா ஜன்னலிலும் மொட்டை. எல்லாவற்றிலும் சந்தனம்.

மங்கம்மா என் பின்னால் ஓடிவந்துகொண்டே, "ஏ மொட்ட! ஏ நைனா மொட்ட!" என்று கத்தினாள். பெட்டி முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது.

எனக்கு மூச்சு வாங்கியது. இருந்த பலத்தை எல்லாம் கூட்டி, "முனிரத்தினம்!" என்று கத்தினேன்.

ஒரே ஒரு கை வெளியே நீண்டது.